எண் விழுந்த இடம்

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற ஒரு துண்டு வயல் எங்களுக்கு இருந்தது. நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம், பிசான அறுப்புக்கு நாலு நாள் முன்னால், விளைச்சலை மதிப்பிடுகிற பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஊரில் எத்தனையோ சர்வே எண்கள் இருக்க, எங்களுடையது தேர்வாகியிருந்தது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அம்பை 16 போட்டிருந்தோம். கால்வாயை ஒட்டிய கீழ்ப்பக்கம் கதிர் தலை சாய்ந்து கிடந்தது. அப்பா அவர்களை நேராக அங்கேதான் கூட்டிப் போனார்.

வந்த அலுவலர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். வயலின் தென்மேற்கு மூலைக்குப் போய் நின்றார். கையில் இருந்த தாளில் இரண்டு எண்கள். ஒன்றுக்கு நீளவாக்கில் எட்டு வைத்து நடந்தார், மற்றொன்றுக்கு அகலவாக்கில். போய் நின்ற இடம் வயலின் மேட்டுப்பகுதி. களை மண்டி, கதிர் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற இடம். அங்கே முளை அடித்து, கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் போட்டார்கள்.

அப்பா பதறிப்போனார். “சார், இது சவலையா இருக்கு சார். எங்க வயலே இப்படின்னு நினைச்சிருவாங்க.”

“எண் விழுந்த இடத்துலதான் அண்ணாச்சி வெட்டணும். நீங்க காட்டுற இடத்துல வெட்டுனா உங்க ஆசைதான் எடைக்கு வரும். நானே பார்த்து எடுத்தா என் ஆசை வரும். இதுல ரெண்டு பேரும் கிடையாது.”

அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அப்பா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் அந்த மனிதர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. பின்னாளில் புள்ளியியல் படித்ததற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். ஆனால் படிக்கும்போது ‘சமவாய்ப்பு’ என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த மேட்டுப்பகுதிதான்.

கயிறு கட்டுவதிலும் ஒரு சங்கதி உண்டு. கயிற்றுக்கு நேர் கீழே நிற்கும் பயிர் உள்ளேயா வெளியேயா? கதிர் கனமாக இருந்தால் கை தானாக அதை உள்ளே தள்ளிவிடும். சதுரம் சிறியதாக இருந்தால் அதன் பரப்புக்கு ஓரம் அதிகம், ஆகவே இந்தக் கைத்தவறும் அதிகம். 1930-களிலும் 40-களிலும் வங்காளச் சணல் வயல்களிலும் நெல் வயல்களிலும் புள்ளியியலாளர் மகலனோபிஸும், வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் சுகாத்மேயும் மாதிரி ஆய்வுகளை வளர்த்தெடுத்த காலத்தில் இது பெரிய வாதமாகவே நடந்தது. சின்னச் சதுரம் விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்பதைக் கண்டுபிடித்து, அளவைத் திருத்தினார்கள். எங்கள் வயலில் போட்ட சதுரத்துக்குப் பின்னால் அப்படி ஒரு சரித்திரம் இருந்தது எனக்கு அப்போது தெரியாது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வயலிலிருந்து தலையை உயர்த்தினால் தெரிகிற மலையில், பல வருடம் கழித்து, அந்த அலுவலர் செய்ய மறுத்த தவறை நானே செய்தேன்.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், சுமார் 895 சதுர கிலோமீட்டர். பாபநாசத்திலிருந்து ஏறினால் முண்டந்துறையில் இலையுதிர் காடும் புல்லும், காப்பகத்தின் உயரமான பகுதிகளில் செங்கல்தேரி, கக்காச்சி, கோதையாறு என்று வெயில் தரையைத் தொடாத பசுமைமாறாக் காடு. அங்கே வருடா வருடம் நடக்கும் வனவிலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். புள்ளியியலில் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எங்கள் குழுவுக்குக் கொடுத்தது ஒரு டிரான்செக்ட். அதாவது வரைபடத்தில் முன்கூட்டியே வரைந்து வைத்த ஒரு நேர்கோடு, இரண்டு கிலோமீட்டர். காலையில் அதில் மெதுவாக நடந்து, கண்ணில் படுகிற மிளா, புள்ளிமான், காட்டுமாடு, கருமந்தி எல்லாவற்றையும் எழுத வேண்டும். எங்களுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் காணிக்குடியைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும். முதல் அறுநூறு மீட்டர் ஒழுங்காகப் போனோம். பிறகு கோடு ஒரு ஈத்தைக் காட்டுக்குள் இறங்கியது. ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்த மூங்கில் மாதிரிப் புதர், கீழே வழுக்குப் பாறை, காலெல்லாம் அட்டை. வலதுபக்கம் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய பாதை இருந்தது. அதில் சுற்றிப்போய் மறுபடி கோட்டில் சேர்ந்துகொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

காவலர் ஒரு தடவை கேட்டார். “தம்பி, கோடு அங்கனல்லா போகுது?”

“கொஞ்ச தூரம்தான் அண்ணே. ஒன்னும் ஆகாது.”

பாதையில் நல்ல காட்சி. ஒரு மிளாக் கூட்டம், இரண்டு இடத்தில் புள்ளிமான், ஒரு கேளையாடு. குழுவில் எல்லோருக்கும் உற்சாகம். மாலையில் முகாமுக்குத் திரும்பியபோது எங்கள் தாளில்தான் அதிகப் பதிவுகள். யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. அந்தத் தாள் கணக்கில் சேர்ந்தது.

நான் செய்தது என்ன என்று எனக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின. அதை இங்கே விளக்க வேண்டும், ஏனென்றால் இன்றும் பலர் ‘பாதையில் போனால் நாலு விலங்கு கூடத் தெரியும், எண்ணுவதற்கு அதுதானே நல்லது’ என்று கேட்கிறார்கள்.

காட்டில் நம் கண்ணுக்குத் தப்புகிற விலங்குகள்தான் பெரும்பாலும். ஆகவே பார்த்ததை எண்ணினால் மட்டும் போதாது, எவ்வளவு தப்பியது என்றும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விலங்கைப் பார்த்தவுடன் நின்று, ரேஞ்ச் ஃபைண்டரால் தூரம், காம்பஸால் கோணம் இரண்டையும் எடுக்க வேண்டும். தூரம் 40 மீட்டர், நாம் நடக்கும் திசைக்கும் விலங்குக்கும் இடையே 30 பாகை என்றால், நம் கோட்டிலிருந்து அது செங்குத்தாக 20 மீட்டர் தள்ளி நின்றது. இப்படி எல்லாப் பதிவுகளுக்கும் செங்குத்துத் தூரத்தைப் போட்டு அடுக்கினால் ஒரு வடிவம் தெரியும். உதாரணத்துக்கு, கோட்டிலிருந்து 10 மீட்டருக்குள் 12 கூட்டங்கள், 30-க்கும் 40-க்கும் நடுவில் 3 கூட்டங்கள் என்று வருகிறது. கோட்டை விலங்குகளுக்குச் சம்பந்தமில்லாமல் வரைந்திருந்தால், கோட்டுக்கு அருகிலும் தூரத்திலும் விலங்குகள் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்படியானால் அந்தக் குறைவு முழுக்க நம் கண்ணுடைய குறைவு. தூரத்தில் இருந்த 12-இல் 9-ஐத் தவறவிட்டிருக்கிறோம். அந்த வளைவே நமக்குத் தப்பியவற்றின் கணக்கைக் கொடுத்துவிடுகிறது. எனக்கு இன்றைக்கும் இது அதிசயமாகத்தான் இருக்கிறது. பார்க்காததைப் பார்த்ததிலிருந்து கணக்கிடலாம்.

இந்த அதிசயம் நிற்பது ஒரே ஒரு காலில்: கோடு விலங்குகளுக்குச் சம்பந்தமில்லாமல் விழுந்திருக்க வேண்டும். பாதை அப்படி விழுவதில்லை. பாதையோரம் வெளிச்சம் உண்டு, புல் உண்டு, புள்ளிமான் அங்கே வந்து மேயும். முண்டந்துறையில் காரையாறு சாலையிலும் குடியிருப்புகளைச் சுற்றியும் மான்களும் பன்றிகளும் திரிவதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பாதையில் நடந்தால் பக்கத்தில் அதிகம், தூரத்தில் குறைவு என்று வரும். அது கண்ணின் குறைவு இல்லை, விலங்கே அங்கே குறைவு. ஆனால் கணக்கு அதைக் கண்ணின் குறைவாக எடுத்துக்கொண்டு, தப்பிப்போனதாகக் கற்பனையான விலங்குகளைச் சேர்த்துவிடும். பாதையை வெறுக்கும் விலங்கென்றால் தலைகீழாக நடக்கும். எப்படியானாலும் கிடைக்கிற எண் பாதையைப் பற்றியது, காட்டைப் பற்றியது இல்லை.

ஈத்தைக் காட்டை நான் சுற்றிப் போனேனே, அந்தக் காப்பகத்தில் ஈத்தைக் காடு எவ்வளவு! அதற்குள் இறங்கும் கோடுகளை எல்லாம் ஆளாளுக்குச் சுற்றிப் போனால், கணக்கின்படி அந்தக் காடே இல்லை என்றாகிவிடும். அப்பா கால்வாயோரக் கதிரைக் காட்டினார், நான் பாதையோர மானை எழுதினேன். அவருக்காவது வயல்மேல் இருந்த பாசம் என்று சொல்லலாம்.

மறு வருடம் அதே காவலருடன் வேறொரு கோட்டில் போக வாய்ப்பு கிடைத்தது. நடந்ததைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று வழியில் அவர் காட்டியவற்றை எண்ணினால், நான் தனியாகப் பார்த்ததைப்போல் மூன்று மடங்கு வரும். ஒரு இடத்தில் நின்று தரையைக் காட்டினார். சருகு அமுங்கி, ஓரத்தில் ஈரம் மாறாமல் ஒரு பள்ளம். “மிளா படுத்து இப்பதான் எந்திரிச்சுப் போயிருக்கு. நம்ம பேச்சுச் சத்தம் கேட்டிருக்கும்.” அது எங்கள் தாளில் வராது, பார்த்தால்தான் பதிவு. விலங்கு நம்மைக் கண்டு நகர்வதற்கு முன் நாம் அதைக் கண்டாக வேண்டும் என்பது இந்த முறையின் இன்னொரு நிபந்தனை. நாங்கள் பேசிக்கொண்டு நடந்ததால் அது உடைந்தது. அதன் பிறகு அந்தக் கோடு முழுவதும் யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை பழைய தாள்களைப் புரட்டியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. தூரம் எழுதும் கட்டத்தில் 10, 20, 20, 30, 50, 20, 30, 50 என்று போய்க்கொண்டே இருந்தது. 17-உம் இல்லை, 43-உம் இல்லை. கருவியை எடுக்காமல் கண்மதிப்பில் எழுதியவர்களின் தாள்கள். மனிதக் கண்மதிப்பு வட்டமான எண்ணில்தான் போய் உட்காரும். ‘கோட்டிலேயே நின்றது’ என்று 0 போட்ட பதிவுகளும் அளவுக்கு மீறி இருந்தன. கோட்டுக்குப் பக்கத்து எண்கள்தான் வளைவின் தலை. அங்கே தவறு நேர்ந்தால் மொத்த அடர்த்தியும் ஏறிவிடும். கருவி பையிலேயே இருந்திருக்கிறது, பாவம், எடுக்க இரண்டு நிமிடம்.

சரி, கோடு எத்தனை வேண்டும்? இதில்தான் காட்டில் வேலை செய்பவர்களுடன் எனக்கு அதிக வாக்குவாதம். நன்றாகத் தெரிந்த, முள் வெட்டிச் சீராக்கிய ஒரு கோட்டில் பத்து முறை நடந்தால் பத்து நாள் தகவல் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பத்து முறை நடந்தாலும் அது ஒரே இடம். காட்டில் இடத்துக்கு இடம் இருக்கிற வித்தியாசம், நாளுக்கு நாள் இருக்கிற வித்தியாசத்தைவிடப் பெரும்பாலும் பெரியது. முண்டந்துறைப் புல்வெளிக்கும் கக்காச்சிக் காட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எத்தனை தடவை புல்வெளியில் நடந்தாலும் அறிந்துகொள்ள முடியாது. ஒரே பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கரண்டி போட்டுக் கிண்டிய பானைக்குத்தான் அது சரி. காட்டை யார் கிண்டினார்கள்? பத்துக் கோட்டில் ஒவ்வொரு முறை நடப்பது, ஒரு கோட்டில் பத்து முறை நடப்பதைவிட எவ்வளவோ மேல். இலையுதிர் காட்டுக்கு இத்தனை, பசுமைமாறாக் காட்டுக்கு இத்தனை, மேலே புல்வெளிக்கு இத்தனை என்று முதலில் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் சமவாய்ப்பு எண்ணால் இடம் எடுத்தால் இன்னும் நல்லது. பள்ளிப் புத்தகத்தில் படுகை முறை என்று படித்திருப்போம்.

காலமும் அப்படியே. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் லட்சக்கணக்கில் சனம் கூடும், குடில் போட்டுத் தங்கும். அதற்கு அடுத்த வாரம் அந்தப் பக்கம் நடந்துவிட்டு, போன வருடம் வேறொரு மாதம் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் என்ன தெரியும்? யானை விட்டையை எண்ணி யானைக் கணக்குப் போடும்போது மழை அதேபோல் குறுக்கே வரும். விட்டை எத்தனை நாளில் கரைகிறது என்பதைக் கொண்டுதான் யானை எண்ணிக்கைக்குப் போக முடியும். நம் மலைக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. வேறு ஊரில், வேறு மாதத்தில் அளந்த கரையும் வேகத்தை இங்கே கொண்டுவந்து போட்டால் யானைகள் கூடும், குறையும். மலையில் ஒரு யானைகூட அசையாமலே.

புலிக்கு வருவோம், எல்லோரும் கேட்பது அதைத்தான். முன்பு காலடித் தடத்தைக் கண்ணாடியில் வரைந்து, தடத்துக்கு ஒரு புலி என்று எண்ணி, கடைசி ஒற்றை எண் வரை அறிவிப்பார்கள். அந்த எண்ணில் எவ்வளவு தவறு இருக்கலாம் என்று சொல்ல அந்த முறையில் வழியே இல்லை. 2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலியே மிச்சமில்லை என்பது வெளியே வந்தபோதுதான் நாடு விழித்தது. தாளில் புலி இருந்தது, காட்டில் இல்லை. 2006 முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதிய முறை. தானியங்கிக் கேமராக்கள், வரிகளை வைத்து அடையாளம், பிறகு கணக்கு.

அந்தக் கணக்கு குளத்து மீனுக்குப் போடுகிற கணக்குதான். குளத்தில் வலை போட்டு 20 மீனைப் பிடித்துச் செதிலில் குறி வைத்து விடுகிறோம். பத்து நாள் கழித்து மறுபடி வலை போட்டால் 25 மீன், அதில் 5-இல் நம் குறி. பிடித்ததில் ஐந்தில் ஒன்று குறி வைத்தது என்றால் குளத்திலும் ஐந்தில் ஒன்றுதானே? ஆகவே சுமார் 100 மீன். புலிக்குக் குறியை நாம் வைக்க வேண்டாம், பிறக்கும்போதே வரியோடு வருகிறது. கர்நாடகத்து நாகரஹோளேயில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் இதைப் புலிக்குப் பயன்படுத்தி 1995-இல் வெளியிட்டார். மீன் கணக்கிலேயே ஒரு எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. குறியுள்ள மீன் 5-க்குப் பதில் 4 வந்திருந்தால் குளத்தில் 125, 6 வந்திருந்தால் 83. ஒரே ஒரு மீன் இங்கும் அங்கும் போனதில் இவ்வளவு ஆட்டம். புலி அடர்த்தி குறைவான நம் மழைக்காட்டில் மறுபடி மறுபடி படத்தில் விழும் புலிகள் சிலதான். அதனால் இங்கே வரும் எண்ணுக்குப் பக்கத்தில் போடவேண்டிய வீச்சு, அதாவது உண்மை எண் இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்ற இடைவெளி, எப்போதும் பெரிது. நம் காப்பகத்தில் ஒன்று கூடியது, இரண்டு குறைந்தது என்று யாராவது சொன்னால் நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

நாட்டுக்கணக்கிலும் இதுதான். 2018-இல் இந்தியாவில் 2,967 புலிகள், 2022-இல் 3,682 என்று எல்லோருக்கும் மனப்பாடம். முதல் எண்ணின் வீச்சு 2,603 முதல் 3,346 வரை. இரண்டாவதற்கு 3,167 முதல் 3,925 வரை. இரண்டு வீச்சுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. கேமரா வைத்த இடங்களும் 26,838-இலிருந்து 32,588 ஆகக் கூடின. புலி பெருகியிருக்கிறது என்றுதான் நானும் நம்புகிறேன், மகிழ்கிறேன். ஆனால் 715 புலி கூடிவிட்டது என்று துல்லியமாகச் சொல்ல அந்த அறிக்கையே இடம் கொடுக்கவில்லை. அறிக்கையில் வீச்சு அச்சாகியிருக்கிறது. செய்தித்தாளுக்கு வருவதற்குள் உதிர்ந்துவிடுகிறது.

வரையாட்டிலும் அதே. தமிழ்நாடு அரசு வரையாடு திட்டத்தைத் தொடங்கி, 2024-இல் நடத்திய ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 1,031, 2025-இல் 1,303. நம் அகத்தியமலைத் தொடரில்தான் வரையாடுகளின் தென்கோடிக் கூட்டங்கள் வாழ்கின்றன என்பதால் இந்தச் செய்தி எனக்குச் சொந்த வீட்டுச் செய்தி. ஆனால் இரண்டாம் வருடம் தேடிய இடங்களும் கூடியிருக்கின்றன. புதிதாகத் தேடிய பாறைகளில் இருந்த ஆடுகள் அதற்கு முந்தைய வருடமும் அங்கேயேதான் இருந்திருக்கும். இரண்டு வருடமும் பார்த்த இடங்களை மட்டும் தனியே வைத்து ஒப்பிட்டால்தான் பெருக்கம் தெரியும். அந்தக் கணக்கெடுப்பில் எனக்கு மிகப் பிடித்தது அவர்களுடைய இரட்டைப் பார்வையாளர் முறை. ஒரே சரிவை இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளாமல், சற்று இடைவெளி விட்டு எண்ணுகிறார்கள். முதலாமவர் பார்த்ததில் எத்தனை இரண்டாமவர் தவறவிட்டார், இவர் பார்த்ததில் எத்தனை அவர் தவறவிட்டார் என்று பார்த்தால், இருவரும் தவறவிட்டது எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துவிடும். அதே மீன் கணக்கு, வலைக்குப் பதில் இரண்டு ஜோடிக் கண்கள்.

மலையிலிருந்து இறங்கினால் குளங்கள். இப்போது என் நேரமெல்லாம் அங்கேதான் போகிறது. ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது கூந்தன்குளம். 1994-இல் சரணாலயம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிப்பு வந்தது. ஊர்க்காரர்கள் தலைமுறையாகப் பறவைகளைத் தங்கள் பிள்ளைகள்போல் காத்து வருகிறார்கள். அதை எவ்வளவு கொண்டாடினாலும் தகும். ஆனால் பறவைகள் பெருகுகின்றனவா குறைகின்றனவா என்று மாவட்டம் முழுமைக்கும் தெரிந்துகொள்ள, பேர் பெற்ற குளங்களை மட்டும் எண்ணினால் போதாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. பறவைக்குக் குளம் வருடா வருடம் ஒன்றல்ல. தண்ணீர் அதிகமானால் காலூன்றி மேயும் பறவைகளுக்கு ஆழம் கூடிவிடும், வேறு குளத்துக்குப் போகும். குறைந்தால் திரும்பி வரும். ஒரு வருடம் எங்கே பறவை கொட்டிக் கிடந்ததோ அந்தக் குளங்களாகப் பார்த்து நாம் தேர்ந்தெடுக்கிறோம். உச்சத்தில் இருந்ததால் தேர்ந்தெடுத்தோம், அதனால் அடுத்தடுத்த வருடங்களில் அங்கே எண் இறங்கத்தான் செய்யும். மாவட்டத்தின் மொத்தப் பறவைகளில் ஒன்றுகூடக் குறையாமலே நம் வரைபடம் சரிந்துகொண்டு போகும். நாமும் ‘அய்யோ, அழிகிறதே’ என்று எழுதுவோம். அதே சமயம், உண்மையாகவே எங்கோ பெயர் தெரியாத குளங்கள் வற்றி, தூர்ந்து, பறவைகள் போக்கிடம் இல்லாமல் நம் பிரபலமான குளத்துக்கு வந்து சேர்ந்தால், நம் எண் ஏறும். ‘ஆகா’ என்று எழுதுவோம். இந்த இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அடுத்து வந்த ஜனவரியில் நான் போன குளங்களில் எப்போதும் பறவை நிறைகிற இடங்களெல்லாம் வெறும் நீர்ப்பரப்பாகத் தெரிந்தன. பறவைகள் செத்துவிட்டனவா என்று ஒரு கல்லூரிப் பையன் கலங்கிப்போய்க் கேட்டான். எங்கே பார்த்தாலும் தண்ணீர் நிற்கும்போது அவை ஒரே இடத்தில் கூட வேண்டிய அவசியம் என்ன? வயல்காடு, ஓடை, பள்ளம் எல்லாம் அன்றைக்குக் குளம்தான். அவனுக்கு அப்படித்தான் பதில் சொன்னேன். ஆனால் அதை எண்ணால் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அந்தப் பள்ளங்கள் எங்கள் பட்டியலில் இல்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்தோம். பெரிய குளங்களை எண்ணுவது அது பாட்டுக்கு நடக்கட்டும். கூடவே ஒரு தனிப் பட்டியல். தாமிரபரணி அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய் வழியே நிறையும் குளங்கள் ஒரு படுகை. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்கள் மற்றொரு படுகை. இரண்டும் நிறைகிற விதமே வேறு. ஒவ்வொன்றிலும் எல்லாக் குளத்துக்கும் எண் போட்டு, சீட்டு எழுதி, குடவோலை மாதிரி குடத்தில் போட்டு, நண்பரின் மகளை எடுக்கச் சொன்னோம். கம்ப்யூட்டரிலேயே எடுத்திருக்கலாம். ஆனால் சீட்டு விழுவதை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டால், ‘இந்தக் குளம் வேண்டாம், அதைப் போடலாம்’ என்று பிறகு யாருக்கும் கேட்கத் தோன்றாது. படுகைக்குப் பன்னிரண்டு குளம். வருடா வருடம் அதே குளங்கள், அதே வாரம், ஒரு குளத்துக்கு இருபது நிமிடம், எப்போதும் இரண்டு பேர்.

போன ஜனவரியில் எனக்கு வந்தது ராதாபுரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன மானாவாரிக் குளம். தாலுகாப் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஊரில் பெயர் சொல்ல ஆள் இல்லை. சுற்றிலும் காற்றாலைகள், கரை நெடுக உடைமரம். குளத்துக்குள் கால் நனையும் அளவுக்கு ஒரு மூலையில் தண்ணீர், மற்றபடி வெடித்த களிமண். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“இங்க என்னத்த எண்ணப் போறிய? விஜயநாராயணம் பெரிய குளத்துக்குப் போங்க, பறவையா கிடக்கு.”

“இந்தக் குளத்துக்குத்தான் எண் விழுந்திருக்கு அண்ணாச்சி.”

அவர் என்னவோ யோசித்துவிட்டு, வேப்ப நிழலில் உட்கார்ந்துகொண்டார். இருபது நிமிடம். தண்ணீர் மூலையில் ஒரு மடையான், மேட்டில் இரண்டு ஆள்காட்டி. நானும் நண்பரும் தனித்தனியாக எழுதிய தாள்களை ஒப்பிட்டோம், இரண்டும் ஒன்றுதான். மற்ற இனங்களுக்கெல்லாம் வரிசையாக 0 போட்டோம். வெறுமையாக விட்டால் பார்க்காமல் விட்டதாகிவிடும். தாளை மடித்துப் பையில் வைக்கும்போது பெரியவர் கேட்டார்.

“மடைக்கிட்ட ஒண்ணு நிக்கே, அத எழுதலியா?”

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். மண்ணும் சுள்ளியும்தான் தெரிந்தது. அவர் கோலை நீட்டிக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கண் தெரிந்தது, பிறகு கால், பிறகு முழுப் பறவையும். கண்கிலேடி. வந்ததிலிருந்து அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறது.

நேரம் முடிந்துவிட்டதால் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. தாளை மறுபடி விரித்து, குறிப்பு எழுதும் கட்டத்தில், பார்வையாளர் இருவரும் தவறவிட்டது 1, இடம் மடை அருகே, பார்த்தவர் ஆடு மேய்ப்பவர் என்று எழுதி, மணியையும் போட்டோம்.